இன்குபேட்டரில் சூட்டை ஒரே சீராக வைப்பது எப்படி: தெர்மாகோல் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு

நான் தாராபுரம் பக்கம் சிறுவிடைக் கோழி வளர்க்கிறேன். முட்டை பொரிக்க வைத்திருக்கும் என்னுடைய இன்குபேட்டர் கடையில் வாங்கியது இல்லை. மீன் கடையில் கிடைத்த தடித்த தெர்மாகோல் பெட்டி, இரண்டு குண்டு பல்பு, பழைய கம்ப்யூட்டரில் இருந்து எடுத்த 12 வோல்ட் ஃபேன், சூட்டைப் பார்த்துப் பல்பை அணைத்து எரியவிடும் ஒரு தெர்மோஸ்டாட், அவ்வளவுதான். இதே மாதிரி பெட்டி செய்து வைத்திருக்கும் தம்பிகள் என்னிடம் வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: "அக்கா, டிஸ்ப்ளேல 37.5 சரியாத்தானுங்க காட்டுது, அப்புறம் ஏனுங்க பாதி முட்டை உள்ளயே செத்துப்போச்சு?"

டிஸ்ப்ளே காட்டுவது சென்சார் முனையைத் தொடும் காற்றின் சூடு. கரு வளர்வது முட்டைக்குள் இருக்கும் சூட்டில். இந்த இரண்டும் ஒன்றாக இருக்கும்படி பெட்டியை அமைத்துவிட்டால் பாக்கி வேலை சுலபம். அது அமையாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்த தெர்மோஸ்டாட்டும் உதவாது.

எத்தனை டிகிரி

ஃபேன் உள்ள பெட்டிக்கு 37.5 டிகிரி செல்சியஸ். ஃபாரன்ஹீட்டில் 99.5. ஃபேன் இல்லாத பெட்டியில் சூடான காற்று மேலே ஏறிவிடும், அடியில் குளிர்ச்சி தங்கிவிடும். அதனால் அங்கே முட்டையின் மேல்பக்க உயரத்தில் அளந்து 38.5 அளவுக்கு வைக்க வேண்டும். ஃபேன் இல்லாமல் முட்டை வைப்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஒரு சின்ன ஃபேன் பெட்டியின் நாலு மூலையையும் ஒரே சூட்டுக்குக் கொண்டு வந்துவிடும். அது இருக்கும்போது இந்தச் சிரமம் எதற்கு?

சூடு குறைவதும் கூடுவதும் ஒரே அளவு ஆபத்து இல்லை. இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அரை டிகிரி, ஒரு டிகிரி குறைவாகவே ஓடினால் குஞ்சு 21ஆம் நாளுக்குப் பதில் 22, 23 என்று தள்ளிப்போகும். கொஞ்சம் சேதம் இருக்கும், ஆனால் பெரும்பாலும் பிழைக்கும். ஒரு டிகிரி கூடுதலாகத் தொடர்ந்து ஓடினால் கால் கோணல், தொப்புள் மூடாத குஞ்சு, ஓட்டுக்குள்ளேயே சாவு என்று வரும். 40 டிகிரியைத் தாண்டிப் பல மணி நேரம் நின்றுவிட்டால் அந்தப் பேட்ச்சில் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். எனவே சந்தேகம் வரும்போதெல்லாம் குறைவான பக்கம் சாயுங்கள்.

இன்னொன்று. சூட்டைக் கொஞ்சம் மாற்றி வைத்தால் பெட்டை அதிகம் வரும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதை நம்பி யாரும் தெர்மோஸ்டாட்டைத் தொட வேண்டாம். சேவலா பெட்டையா என்பது தாய்க்கோழியிடமிருந்து வரும் குரோமோசோமிலேயே முடிவாகிவிடுகிறது. முட்டை பெட்டிக்கு வரும் முன்பே அது தீர்ந்துபோன விஷயம்.

சென்சார் சொல்வது உண்மையா என்று பாருங்கள்

நிறையப் பேர் விடுவது இந்த வேலையைத்தான். நான் பார்த்த பெட்டிகளில் பாதிக்கு மேல் கோளாறு இங்கேதான் இருந்தது. விலை குறைந்த தெர்மோஸ்டாட்டில் 0.1 டிகிரி வரை காட்டும். காட்டுகிறது என்பதற்காக அது சரி என்று ஆகாது. முழு ஒரு டிகிரி தள்ளிக் காட்டும் சென்சாரும் உண்டு.

சரிபார்க்க வீட்டில் இருக்கும் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரே போதும். நமக்கு வேண்டிய 37, 38 டிகிரி பக்கத்தில் மிகச் சரியாகக் காட்டவே அது செய்யப்பட்டிருக்கிறது. வாய் அகன்ற ஃபிளாஸ்க்கில் 38 டிகிரி அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள். சென்சார் முனையையும் தெர்மாமீட்டர் முனையையும் ரப்பர் பேண்ட் போட்டு ஒன்றாகக் கட்டி, தண்ணீருக்குள் விட்டு மெல்லக் கலக்கிக்கொண்டே இருங்கள். தெர்மாமீட்டர் 'பீப்' அடிக்கும்போது இரண்டு எண்ணையும் ஒரே நேரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் தெர்மாமீட்டர் தான் பார்த்த அதிகபட்சச் சூட்டையே பிடித்து வைத்திருக்கும், தண்ணீர் ஆறினாலும் இறங்காது. அதனால் தாமதித்துப் பார்த்தால் கணக்கு தப்பிவிடும். இரண்டு மூன்று முறை செய்து, வித்தியாசம் ஒரே மாதிரி வருகிறதா பாருங்கள்.

நம் ஊரில் பெரும்பாலானவர்கள் வைத்திருப்பது டபிள்யூ 1209 என்ற சின்ன தெர்மோஸ்டாட் போர்டு. அதில் செட் பட்டனை அழுத்திப் பிடித்தால் பி0, பி1 என்று வரிசையாக வரும். மேலே கண்டுபிடித்த வித்தியாசத்தை பி4இல் கொடுத்துவிடலாம். சென்சார் 0.6 குறைவாகக் காட்டினால் பி4இல் 0.6 கூட்டுங்கள். பி0இல் 'ஹெச்' இருக்க வேண்டும்; அதுதான் சூடேற்றும் முறை. 'சி' இருந்தால் எல்லாம் தலைகீழாக நடந்து, சூடு ஏறிய பிறகு பல்பு எரிய ஆரம்பிக்கும்.

முக்கியமானது பி1. பல்பு அணைந்த பிறகு எவ்வளவு சூடு இறங்கினால் மறுபடி எரிய வேண்டும் என்பது அதில் இருக்கிறது. போர்டு வாங்கும்போது பெரும்பாலும் 2 டிகிரி என்று இருக்கும். அப்படியே விட்டால் பெட்டி 37.5க்கும் 35.5க்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதை 0.3 ஆக்குங்கள். 0.1 வைக்கலாமே என்று தோன்றும். வைத்தால் ரிலே (போர்டில் பல்பை எரியவிட்டு அணைக்கும் சுவிட்ச்) ஓயாமல் 'டிக் டிக்' என்று அடித்துச் சீக்கிரம் தேய்ந்துவிடும், அதனால் முட்டைக்குப் பெரிய லாபமும் இல்லை. பி5 என்பது தாமதம். அது 0 ஆகவே இருக்கட்டும்.

சென்சார் முனையை முட்டையின் உயரத்தில், முட்டைகளுக்கு நடுவே, எதையும் தொடாமல் தொங்க விடுங்கள். பல்புக்கு நேரே இருந்தால் சீக்கிரம் சூடாகி முன்னதாகவே அணைத்துவிடும், முட்டை குளிர்ந்துபோகும். ஃபேன் காற்று நேரே அடிக்கும் இடத்திலும் வேண்டாம். பெட்டிச் சுவரை ஒட்டியும் வேண்டாம்.

பல்பு பெரிதாக இருந்தால் சூடு நிலைக்காது

சீக்கிரம் சூடேற வேண்டும் என்று 100 வாட் பல்பு போடுகிறார்கள். சூடு தாறுமாறாக ஏறி இறங்க இதுவே பெரிய காரணம். பெரிய பல்பு ஒரு நிமிடத்தில் சூட்டை ஏற்றிவிடும். தெர்மோஸ்டாட் அணைத்த பிறகும் கண்ணாடியிலும் ஹோல்டரிலும் இருக்கிற சூடு வெளியே வந்து இன்னும் அரை டிகிரி, ஒரு டிகிரி ஏற்றும்.

நான் பார்க்கும் கணக்கு இது: சாதாரண நாளில் பல்பு பாதி நேரம் எரிய வேண்டும், பாதி நேரம் அணைந்திருக்க வேண்டும். பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். ஒரு நிமிடம் மட்டும் எரிந்து ஒன்பது நிமிடம் சும்மா இருந்தால் பல்பு பெரிது. ஒன்பது நிமிடம் எரிந்தால் மார்கழி விடியலில் அது தாங்காது. ஐம்பது முட்டை பிடிக்கும் தெர்மாகோல் பெட்டிக்கு 40 வாட் பல்பு இரண்டு சரியாக இருக்கும். பெட்டி தடிமனாக இருந்தால் 25 வாட் இரண்டே போதும். இரண்டாகப் போடுவதில் இன்னொரு நன்மை, நடுராத்திரி ஒன்று ஃபியூஸ் போனாலும் இன்னொன்று விடியும் வரை தாக்குப்பிடிக்கும். எல்.இ.டி. பல்பு இதற்கு ஆகாது, அதில் வேண்டிய சூடு வராது.

பல்பு வெளிச்சம் நேரே முட்டையில் படக்கூடாது. காற்று 37.5 இருந்தாலும் பல்பைப் பார்த்த முட்டையின் ஓடு அதைவிடச் சூடாகும். நெய் டின்னை வெட்டி ஒரு மறைப்பு வைத்துவிடுங்கள். ஹோல்டரைத் தெர்மாகோலில் நேரே பதிக்காமல் ஒரு பிளைவுட் துண்டில் பொருத்துங்கள். தெர்மாகோல் சூட்டில் உருகும், தீயும் பிடிக்கும். இதில் அலட்சியம் வேண்டவே வேண்டாம்.

ஃபேன் 24 மணி நேரமும் ஓட வேண்டும். தெர்மோஸ்டாட் பல்பை மட்டும் அணைக்கட்டும், ஃபேன் ஒயரை அதோடு சேர்க்காதீர்கள். ஃபேன் காற்று முட்டையின் மேல் நேரே வீசாமல், சுவரில் பட்டுச் சுற்றி வரும்படி திருப்பி வையுங்கள்.

தண்ணீர் பாட்டில்

காசு செலவில்லாமல் சூட்டை நிலைநிறுத்தும் வழி ஒன்று இருக்கிறது. ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு மூன்றில் தண்ணீர் நிரப்பி, இறுக்கமாக மூடி, பெட்டிக்குள் ஓரமாகப் படுக்க வையுங்கள். காற்று சட்டென்று சூடாகும், சட்டென்று ஆறும். தண்ணீர் சூடாக நேரம் எடுக்கும், ஆறவும் நேரம் எடுக்கும். மூடியைத் திறந்து முட்டையைத் திருப்பிவிட்டு மூடினால், பாட்டில் இல்லாத பெட்டி பழைய சூட்டுக்கு வர நேரமாகும். பாட்டில் உள்ள பெட்டியில் தண்ணீரே சூட்டைத் திருப்பிக் கொடுத்துவிடும். கரண்ட் போனாலும் அதே உதவி. முட்டையும் இந்த வேலையைச் செய்கிறது என்பதால்தான் நிறைந்த பெட்டி நிலையாக ஓடுகிறது, பத்து முட்டை மட்டும் வைத்த பெட்டி ஆட்டம் காட்டுகிறது. குறைவான முட்டை வைக்கும்போது பாட்டிலைக் கூட்டுங்கள்.

முட்டைக்குள் என்ன சூடு என்று தெரிந்துகொள்ளவும் தண்ணீரையே பயன்படுத்தலாம். முட்டை அளவுக்கு ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டில், மருந்துக் கடை டப்பாவாக இருந்தாலும் சரி, அதில் தண்ணீர் நிரப்பி, ஒயர் உள்ள இன்னொரு தெர்மாமீட்டரின் முனையை மூடியில் துளையிட்டு உள்ளே விட்டு, மெழுகால் அடைத்துவிடுங்கள். அதை முட்டைகளுக்கு நடுவே வையுங்கள். டிஸ்ப்ளே 37.2, 37.8 என்று ஆடிக்கொண்டிருக்கும்போது இது 37.5இல் அசையாமல் நிற்கும். அப்படி நின்றால் உங்கள் பெட்டி நல்ல பெட்டி. டிஸ்ப்ளே ஆடுவதைப் பார்த்து மணிக்கு ஒரு தடவை பட்டனை அழுத்திக்கொண்டே இருக்கிற பழக்கத்தையும் இந்தப் பாட்டில் நிறுத்திவிடும்.

எல்லாம் பொருத்திய பிறகு முட்டை வைக்காமல் இரண்டு நாள் ஓட விடுங்கள். அந்த இரண்டு நாளில் இந்தச் சின்ன பாட்டிலை நாலு மூலையிலும் நடுவிலும் மாற்றி மாற்றி வைத்து எண்ணைக் குறியுங்கள். மூலைக்கு மூலை அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஃபேனைத் திருப்பிச் சரிசெய்துவிட்டுத்தான் முட்டையைத் தொட வேண்டும்.

முட்டை வைத்த பிறகு

முட்டையை முதலில் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். ஃபிரிட்ஜ் ஓரத்திலோ பானைப் பக்கத்திலோ குளிர்ச்சியாக வைத்திருந்த முட்டையை நேரே உள்ளே வைத்தால் ஓட்டில் வியர்வை பூக்கும், கிருமி உள்ளே இறங்கும். வைத்த உடனே டிஸ்ப்ளே 33, 34க்கு இறங்கும். பதற வேண்டாம், செட்டிங்கை ஏற்றவும் வேண்டாம். சில மணி நேரத்தில் தானாக மேலே வரும். அந்த நேரத்தில் ஏற்றி வைத்தவர்கள் தூங்கி எழுந்து பார்க்கும்போது 39 இருக்கும்.

ஈரப்பதத்துக்காகப் பெட்டிக்குள் வைக்கும் தட்டில் ஊற்றும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். பச்சைத் தண்ணீரை ஊற்றினால் பெட்டியின் சூடு இறங்கும். முதல் 18 நாள் 50 முதல் 55 சதவீத ஈரம், கடைசி மூன்று நாள் 65 முதல் 70.

ஒரு பேட்ச் ஓடும்போது நடுவில் புது முட்டை சேர்க்காதீர்கள். முதல் வாரத்து முட்டை சூட்டை வாங்கும், மூன்றாம் வாரத்து முட்டை சூட்டைக் கொடுக்கும். கரு வளர வளர அதுவே சூடு உண்டாக்குகிறது. முடிவுக்கு அருகில் ஒரு முட்டைக்குப் பத்தில் ஒரு வாட்டுக்கு மேல் வரும். ஐம்பது முட்டை என்றால் உள்ளே ஒரு சின்ன பல்பு கூடுதலாக எரிகிற கணக்கு. அதனால் இரண்டாம் வாரம் முடிந்ததும் அந்தச் சின்ன பாட்டிலைக் கவனியுங்கள். பக்கத்து முட்டைகளின் சூட்டில் அது மெல்ல ஏறத் தொடங்கும். 18ஆம் நாள் முட்டை திருப்புவதை நிறுத்தும்போது செட்டிங்கை 37.2க்கு இறக்கி, காற்றுத் துளைகளை நன்றாகத் திறந்து வைப்பேன். குஞ்சுக்கு மூச்சுவிட அப்போது காற்று அதிகம் வேண்டும்.

ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்து, கரு கூடாத முட்டைகளை எடுத்துவிடுங்கள். அந்த இடத்துக்கு ஒரு சின்ன தண்ணீர் பாட்டில் வைத்தால் பெட்டியின் நிலை மாறாது.

பெட்டி இருக்கும் இடம்

அறை 22 முதல் 27 டிகிரி வரை இருந்தால் நல்லது. நம் ஊரில் வருஷம் முழுக்க அது கிடைக்காது. சிமெண்ட் சீட், தகரம் வேய்ந்த இடத்தில் பெட்டியை வைக்காதீர்கள். அக்னி நட்சத்திர நாட்களில் சீட்டுக்குக் கீழே மத்தியானம் 38, 40 என்று போகும். பெட்டிக்குச் சூடேற்றத்தான் தெரியும், குளிர வைக்கத் தெரியாது. வெளியே 38 என்றால் உள்ளே 38க்கு மேல்தான். ஓட்டு வீடோ, வடக்குப் பார்த்த அறையோ இருந்தால் தரையோடு தரையாக வைத்து, ஜன்னலில் நனைத்த கோணிச் சாக்கு கட்டுங்கள். அந்த வசதி இல்லாதவர்கள் சித்திரைக் கடைசி, வைகாசி முதல் வாரங்களில் முட்டை வைக்காமல் இருப்பதே நல்லது. அடைக்கோழி இருந்தால் அந்த மாதத்தில் அதனிடமே விட்டுவிடுவேன்.

ஆனி, ஆடியில் எங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காத்து விடாமல் அடிக்கும். அந்தக் காற்று ஜன்னல் வழியாகப் பெட்டி மேல் படும் இடத்தில் இருந்தால் பல்பு அணையவே அணையாது. கனமான போர்வையைப் பெட்டியைச் சுற்றி விடுங்கள், துளைகளை மட்டும் மூடாமல்.

வோல்டேஜையும் கவனியுங்கள். தோட்டத்தில் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் 230 இருக்க வேண்டியது 180க்கு இறங்கினால், குண்டு பல்பு தரும் சூடு மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிடும். 'பாதி நேரம் எரிய வேண்டும்' என்று மேலே சொன்னதில் இதற்கும் இடம் இருக்கிறது.

கரண்ட் போனால்

முதல் வேலை, மூடியைத் திறக்காமல் இருப்பது. அடைக்கோழியே தினமும் கால் மணி நேரம், இருபது நிமிடம் தீனிக்கு இறங்கிப் போய்விட்டு வருகிறது. முட்டைக்கு ஒன்றும் ஆவதில்லை. ஒரு மணி நேரம் வரை போர்வை போட்டு மூடி வைத்தாலே போதும். அதற்கு மேல் நீண்டால், பாட்டிலில் சுடுதண்ணீர் நிரப்பித் துணி சுற்றி, முட்டையைத் தொடாமல் ஓரமாக உள்ளே வையுங்கள். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், கை பொறுக்கிற சூடு போதும்.

18 நாள் தாண்டிய முட்டை என்றால் கதை வேறு. ஃபேன் நின்ற பெட்டிக்குள் அவை தரும் சூடே நடுவில் தேங்கும். அங்கே போர்வையால் முழுக்க மூடாதீர்கள். துளைகள் எல்லாம் திறந்திருக்கட்டும், கால் மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணைப் பாருங்கள்.

மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் தேதி முன்கூட்டியே தெரிந்துவிடும். அது கடைசி மூன்று நாளில் வராதபடி எண்ணி முட்டை வைக்கலாம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் பெட்டியை அந்த லைனிலேயே மாட்டுங்கள்.

இரண்டாவது தெர்மோஸ்டாட்

ரிலேயின் உள்ளே இருக்கும் முனைகள் தேய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது உண்டு. அப்போது டிஸ்ப்ளே 'அணை' என்று சொன்னாலும் பல்பு எரிந்துகொண்டே இருக்கும். விடிவதற்குள் எல்லா முட்டையும் வெந்துவிடும். இதற்கு ஒரே பாதுகாப்பு, பல்பு லைனில் இன்னொரு தெர்மோஸ்டாட்டைத் தொடராக மாட்டி 38.5இல் வைப்பது. முதலாவது ஒட்டிக்கொண்டாலும் இரண்டாவது வெட்டிவிடும். செலவு சில நூறு ரூபாய்தான். இது இல்லாமல் பெட்டியை நம்பித் தூங்க வேண்டாம் என்பேன். ஒயர் வேலை பழகாதவர்கள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டே மாட்டுங்கள்.

குஞ்சைப் பார்த்துச் சூட்டை அறிவது

பொரிப்பு முடிந்ததும் தேதியையும் குஞ்சையும் பாருங்கள். 19, 20ஆம் நாளே வந்து, குஞ்சு சின்னதாக, தொப்புளில் ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தால் சூடு அதிகம். 22, 23 என்று இழுத்து, வயிறு பெருத்து, எழுந்து நிற்கச் சோம்பினால் சூடு குறைவு. சிலது 20இல், சிலது 22இல் என்று சிதறி வந்தால் பெட்டிக்குள் இடத்துக்கு இடம் சூடு மாறுகிறது, அல்லது நாள்பட்ட முட்டையும் புது முட்டையும் கலந்து வைத்திருக்கிறீர்கள். எந்த மூலையில் இருந்த முட்டை முந்தியது என்று பார்க்க, வைக்கும்போதே பென்சிலால் முட்டையில் மூலை எண் எழுதிவிடுங்கள்.

திருத்தும்போது ஒரு தடவைக்கு 0.2 டிகிரிக்கு மேல் மாற்ற வேண்டாம். அந்த பேட்ச்சில் மாற்றியது என்ன, வந்த குஞ்சு எத்தனை என்று பெட்டி மூடியிலேயே எழுதி வைத்துவிட்டு அடுத்ததைப் போடுங்கள்.